கத்தரித் தங்கச்சியும் என் மாவுக் கையும்

நான் படித்தது மூணாம் கிளாஸ். ஆனால் பேக்கரியில் எடுபிடியாக நுழைந்து, நாற்பது வருஷம் மாவு பிசைந்து, மூணு அடுப்பு வைத்த கடைக்கு முதலாளி ஆனவன். அரை மூட்டை மாவை ஒரே மூச்சில் பிசைவேன். இந்தத் தெருவில் இன்னொருத்தன் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்! அப்பேர்ப்பட்ட கை ஒரு தடவை தோற்றது. என் தங்கச்சியிடம்.

'கத்தரி' என்றால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். என் கடைக்கு அடுத்த கடையில் முப்பது வருஷமாக முடி வெட்டுகிறவள். வாய் ஊர்வம்பு பேசும், கத்தரி தன் பாட்டுக்கு ஓடும், ஒரு முடி பிசகாது. அவளை மூட்டுவாதம் பிடித்தது. விரல் முட்டிகள் வீங்கி, காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாத்திரையில் வீக்கம் வடிந்தது. வலியும் விறைப்பும் விட்டபாடில்லை. ஆறு மாதம் ஷட்டர் இறங்கியே கிடந்தது. கடைசியில் முடி வெட்டும் நாற்காலியை விற்கப் பேசிவிட்டாள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை ஆள் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

"மசாஜ் பண்ணிப் பாருங்க, வலி குறையும்" என்றார் டாக்டர். அமுக்குகிற வேலையா? நம்ம தொழிலாச்சே! அன்றைக்கே எண்ணெய் தடவி, அவள் விரல்களை உள்ளங்கையால் போட்டுப் பிசைந்தேன். வீறிட்டாள்.

"அடப்பாவி அண்ணா! இது விரலா, பன்னா?"

இரண்டு நாள் அவளுக்குத் தூக்கமில்லை. எனக்கும்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து மசாஜ் செய்கிற ஒரு அம்மாவை அழைத்து வந்தேன். கையைப் பார்த்ததுமே, "யாரு இப்படிப் பிசைஞ்சது?" என்றாள். தங்கச்சி தாடையால் என்னைக் காட்டி, "பேக்கரிக்கார அண்ணன்தான்" என்றாள்.

"சிவந்து சூடா இருக்கிற அன்னைக்குத் தொடவே கூடாது, ஐயா. மத்த நாள்ல மெதுவா. மாவு உப்பிடுச்சான்னு எப்படிப் பார்ப்பீங்க?"

"விரல் நுனியால லேசா தொட்டு..."

"அதேதான்! அதுக்கு மேல ஒரு பொட்டு அழுத்தம் வேண்டாம்."

எனக்குப் பொறி தட்டியது. மாவு உப்பியதை விரல் நுனியால் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச எவன் இருக்கிறான்? அவள் விரல்களில் சூடு தணிந்ததும் ஆரம்பித்தேன். தினமும் முதல் ரொட்டி இறங்கியதும், அடுப்புச் சூட்டில் வெதுவெதுத்த கையோடு அவளிடம் ஓடுவேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு, அப்புறம் உள்ளங்கை, கடைசியில் ஒவ்வொரு விரல். அரை மணி நேரம். மாத்திரையையும் விடவில்லை. ஐந்தாம் நாள் விரல்களை மடக்கினாள். மூன்றாம் வாரம் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, இங்க பாரு!" என்று கத்தினாள். நான் குதித்த குதியில் என் முக்காலி சாய்ந்தது.

அந்தச் சனிக்கிழமை. ஷட்டரை அவளே தூக்கினாள்.

"உட்காரு. உன் தலையில இருக்கிறது ஏழு முடி. கை தடுமாறினாலும் நஷ்டமில்ல."

க்ளிக், க்ளிக். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம்! நடுவில் இரண்டு தடவை நிறுத்தி விரல்களை உதறிக்கொண்டாள். ஆனால் முடித்துவிட்டாள். நான் எழுந்து துணியை உதறும்போது வாசலில் தள்ளுவண்டி வந்து நின்றது.

"நாற்காலி எங்கம்மா?"

"இதோ இருக்கே. உட்காருங்க. காதுக்கு மேல காடா வளர்ந்து கெடக்கு."

அந்த ஆள் திருதிருவென்று என்னைப் பார்த்தார்.

"உட்காருப்பா. அது இனிமே நகராது" என்றேன்.

உட்கார்ந்தார். தள்ளுவண்டி வெளியே காலியாக நின்றது.