மேடத்தின் எடை

தராசுக்காரருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று அவர் மனைவி சொல்வார். முப்பது வருடமாகத் தராசு பழுது பார்க்கிற வேலை. பார்சல் ஆபீஸ், மருந்துக் கிடங்கு, பிரசவ வார்டு என்று அவர் கை படாத தராசு குறைவு. மகள் பிறந்தபோது நர்ஸ் சொன்ன எடையை நம்பாமல், பையிலிருந்த எடைக்கல்லை வைத்து வார்டுத் தராசைச் சோதித்தார். நாற்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. குழந்தையின் முகத்தை அதற்கப்புறம்தான் பார்த்தார். மனைவி அதை இன்னும் மறக்கவில்லை. அவரை மறக்க விட்டதும் இல்லை.

மேடம் வந்ததும் தராசு வழியாகத்தான். பார்சல் ஆபீஸில் பெரிய தராசைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, ஒரு கறுப்பு நாய்க்குட்டி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது.

"மேடம், கொஞ்சம் எறங்குறீங்களா? வேலை கிடக்கு."

மேடம் கொட்டாவி விட்டது. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மேடத்துக்கு மட்டும்தான் 'வாங்க, சாப்பிடுங்க'. மனைவிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

பதினோரு வயதில் மேடத்துக்கு மண்ணீரலில் புற்றுநோய்க் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது, கத்தி வைத்துப் பயனில்லை என்றார் டாக்டரம்மா. "மூணு மாசம் இருக்கலாம். இருக்கிற வரைக்கும் கஷ்டப்படாம இருக்கணும், அதுதான் முக்கியம். மீன் எண்ணெய் கொஞ்சம் குடுங்க. வேற எது குடுக்கறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுக் குடுங்க."

அவர் டாக்டரம்மாவை எங்கே கேட்டார்? போனைக் கேட்டார். போன் யாருக்குத்தான் இல்லையென்று சொல்லும்? காளான் பொடி, மஞ்சள் மாத்திரை, பாசித் தூள், ஏதோ மீனின் குருத்தெலும்பு என்று டப்பா டப்பாவாக வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு நாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. மற்ற நாளாக இருந்தால் அவரே கிண்டல் செய்து தள்ளியிருப்பார். ஆனால் பயம் வந்த மனுஷனுக்கு எல்லா டப்பாவும் மருந்துதான். அதிலும், எத்தனை கிலோ எடைக்கு எத்தனை கரண்டி என்று டப்பாவில் போட்டிருந்தது. அந்த வரியில்தான் தராசுக்காரர் விழுந்தார்.

தன் கடையிலிருந்து ஒரு தராசைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார். எழுந்ததும் ஒரு முறை, வேலைக்குக் கிளம்பும்முன் ஒரு முறை, மதியம் சாப்பிட வந்தால் ஒரு முறை. பாதி வேலையில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்வார். "மேடம் சாப்பிட்டாங்களா? பொடி கலந்தியா? எடை பார்த்தியா?" இருபத்தோரு கிலோ இருந்த மேடம் பதினெட்டேகாலுக்கு இறங்கியபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு முள் திரும்பியது. பதினெட்டே முக்கால். பத்தொன்பது. பத்தாம் நாள் பத்தொன்பதரை. எடைக்கல்லை வைத்துத் தராசையும் சோதித்துவிட்டார். துல்லியம்.

"பாத்தியா! பொடி வேலை செய்யுது!"

மனைவி மேடத்தின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னங்க, முதுகெலும்பு கையில குத்துதே. மூச்சு வேற வாங்குது. எடை எப்படிங்க ஏறும்?"

"உன் கை என்ன தராசா?"

"தராசுக்குக் கை இருக்கா?"

அவருக்குக் கோபம் வந்தது. இன்னும் அரைக் கரண்டி பொடியைக் கூட்டிப் போட்டார். மேடம் தட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. "மேடம், ஒரு வாய்... எனக்காக ஒரே ஒரு வாய்" என்று தட்டோடு கூடம் முழுக்கப் பின்னாலேயே அலைந்தார். நாலு எட்டு வைத்ததும் மேடம் நின்று இளைத்தது. மனைவி தட்டைப் பிடுங்கி வைத்தார். "கிளம்புங்க. டாக்டர்கிட்ட போறோம்."

அவரும் கிளம்பினார். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. மூன்று மாதக் கணக்கு சொன்ன டாக்டரம்மாவுக்குப் பத்தொன்பதரையைக் காட்ட வேண்டாமா?

பரிசோதனை அறைக்குள் ஒருவர்தான் வரலாம் என்றார்கள். மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டரம்மா மேடத்தின் வயிற்றைத் தொட்டதுமே ஸ்கேன் கருவியை இழுத்தார்.

"ஒன்னேகால் கிலோ ஏறியிருக்காங்க டாக்டர்" என்றார் தராசுக்காரர்.

"அது சதை இல்லை சார். கட்டி பெருத்திருக்கு. வயித்துல ரத்தமும் தண்ணியுமா கட்டியிருக்கு."

ஊசி போட்டு உறிஞ்சினார். கண்ணாடிக் குடுவை ஒன்று நிறைந்து, இரண்டாவதும் பாதிக்கு வந்தது. சாக்கின் எடை, பெட்டியின் எடை, டப்பாவின் எடை என்று எதையும் கழிக்காமல் வாழ்நாளில் அவர் ஒரு சரக்கை எடை போட்டதில்லை. மேடத்தின் எடையில் நோயைக் கழிக்க அவருக்குத் தோன்றவில்லை. காரணம் தராசு இல்லை, ஆசை.

"நான் குடுத்த பொடியால ஆச்சா, டாக்டர்?"

"எத்தனை குடுத்தீங்க?"

சொன்னார். டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டார். "அதுல சிலது ரத்தத்தை உறைய விடாது. அதனாலதான்னு சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் நிறுத்துங்க. என்ன பிடிக்குதோ அதைச் சாப்பிடட்டும்."

"பத்து நாள் முன்னாடியே வந்திருந்தா பிழைச்சிருப்பாங்களா?"

"பிழைச்சிருக்காது சார். ஆனா இந்தப் பத்து நாளும் மூச்சு முட்டாம இருந்திருக்கும்."

மேடம் மேசை மேலேயே தூங்கிவிட்டிருந்தது. விலா சீராக ஏறி இறங்கியது. போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

மனைவி எழுந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். "என்னங்க சொன்னாங்க?"

"மேடத்துக்கு மூச்சு முட்டினப்பல்லாம்" என்றார் தராசுக்காரர், "நான் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."