அமேயின் தலைக்கு வைத்த எண்ணெய்

யாங்கோனில் அலோன் பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் கீழ்த்தளம் வீட்டுக்காரம்மாவுக்கு, மேல்தளம் எங்களுக்கு. அவர் எழுபது வயதுப் பர்மியப் பெண்மணி. தெருவே அவரை ‘அமே’ என்றுதான் கூப்பிடும். பர்மியில் அம்மா. நான் மட்டும் ஒரு வருடமாக எந்த முறையும் சொல்லாமல் சிரித்தே சமாளித்து வந்தேன். அம்மா என்றால் ஊரில் இருக்கும் ஒருத்திதான் என்கிற பிடிவாதம் எனக்கு.

அந்த ஒருத்தி மாசி மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். விசா நீட்டிப்புக்குக் கொடுத்த என் பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இறந்தவர் தலையில் பெண்பிள்ளைகள் எண்ணெயும் சீயக்காயும் வைத்துத்தான் குளிப்பாட்டுவார்கள். நான் ஒரே மகள். எனக்குப் பதிலாக யாரோ ஒரு பங்காளி வீட்டு மருமகள் வைத்தாளாம். அதைக் கேட்டதிலிருந்து எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

சித்திரையில் பர்மியப் புத்தாண்டு வந்தது. தெருவில் இறங்கினால் நனையாமல் திரும்ப முடியாத தண்ணீர்த் திருவிழா. துக்க வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது என்று நான் மாடியிலேயே கிடந்தேன். தண்ணீரெல்லாம் ஓய்ந்து புத்தாண்டு பிறந்த அன்று எதிர்வீட்டுத் தமிழ்ப் பெண் வந்தாள். யாங்கோனிலேயே பிறந்தவள். கோவிலுக்கும் போவாள், புத்தர் பகோடாவுக்கும் போவாள்.

“அக்கா, கெளம்புங்க. இன்னிக்கி தர்ம மண்டபத்துல வயசானவங்களுக்கு நாமதான் தலை கழுவி, நகம் வெட்டி வுடணும். அமேதான் ஒங்களயும் கூட்டியாரச் சொன்னாங்க.”

“எனக்குப் பண்டிகை இல்லம்மா.”

“இது பண்டிகையா? வேலக்கா. வாங்க.”

வேலை என்று வந்துவிட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. தலை கழுவ வேண்டும் என்றாளே, பழக்க தோஷம், நல்லெண்ணெய்ப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டேன்.

மண்டபத்துப் பின்கட்டில் வெள்ளைச் சட்டையும் பழுப்பு மேல்துண்டுமாகப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்டாவில் ஏதோ மரப்பட்டையோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்தது சாட்சாத் நம் சீயக்காய்! இவர்களும் அதைத்தான் தேய்க்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அந்த வாசனை பட்டதும் கண் கரித்தது. என் முன்னால் அமே குனிந்து உட்கார்ந்தார். நான் ஒரு கை எண்ணெயை உச்சியில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தேன்.

“ஐயோ அக்கா! இங்க எண்ணெ வெக்கிற பழக்கமில்ல. அதுவும் அமே இன்னிக்கி சீலம்னு புத்த விரதம் எடுத்திருக்காங்க. எண்ணெ, பூச்சு, வாசனை எதுவும் மேல படக்கூடாது!”

எண்ணெய் அதற்குள் வெள்ளைச் சட்டையின் கழுத்தில் இறங்கிவிட்டது. என் முகத்தில் அசடு வழிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. கையில் எண்ணெய், பக்கத்தில் சீயக்காய், நடுவில் ஒரு நரைத்த தலை. அத்தனை பேருக்கு நடுவில் விம்மி விம்மி அழுதேன்.

அமே என்னவென்று கேட்க, எதிர்வீட்டுப் பெண் என் அம்மா விஷயத்தைப் பர்மியில் சொன்னாள். அமே தலையை நிமிர்த்தாமலே ஏதோ பதில் சொன்னார். அவள் அதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

“வெச்சது வெச்சாச்சு, பாதியில வுடாதங்கிறாங்க. ஒங்கம்மாவுக்கு எப்படித் தேய்ப்பீங்களோ அப்படியே தேய்க்கணுமாம். சீலத்த நாளைக்கி மறுபடி எடுத்துக்குவாங்களாம்.”

தேய்த்தேன். என் கையால் செய்யக் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்திருந்ததை மெதுவாக, முழுசாகச் செய்தேன். அந்தச் சீயக்காய்த் தண்ணீருக்கு எண்ணெய் லேசில் போகவில்லை. பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு வாரம் அமேயின் தலை பளபளத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மாடியைக் கை காட்டினாராம். அன்றைக்கே நானும் அவரை அமே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். கட்டிய வீட்டைத்தான் வாடகைக்கு விடுவார்கள், தன் தலையையே எனக்குக் கொடுத்த மனுஷிக்கு என்ன செய்தாலும் நன்றி தீராது.

அடுத்த வருடம், தண்ணீர்த் திருவிழா தொடங்குவதற்கு முதல் நாள் காலை, முழங்கால் வலியோடு அமே மாடிப்படி ஏறி வந்தார். அதுவரை அவர் மேலே வந்ததே இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார். அதற்குள் எனக்கும் பர்மி புரிய ஆரம்பித்திருந்தது.

“நாளைக்கி சீலம் எடுத்துட்டா எண்ணெ ஆகாது. அதான் இன்னிக்கே வந்துட்டேன். ஒங்கம்மாவுக்கு எண்ணெ வெச்சு வுடு.”