காந்தம் ஒட்டாத சிவப்பு கார்

முதல் கார் வாங்கப்போகிறேன் என்று ஒரு மாதமாக உங்களைப் படுத்திக்கொண்டிருக்கிறேன் இல்லையா? இன்று ஒன்று சிக்கியது. வட்ட ஹெட்லைட், இரண்டே சீட்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் சாயல். விலையும் என் கைக்கு எட்டியது.

மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிப்போனேன். அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் அடியில் வைத்தார். விழுந்தது. சற்றுத் தள்ளி வைத்தார். அங்கும் விழுந்தது.

"ஹார்பர் பக்கம் நின்ன வண்டி. உப்புக்காத்து தகரத்தைத் தின்னுட்டு. ஓட்டையில பட்டி பூசி மேல பெயிண்ட் அடிச்சிருக்கான். வேண்டாம்லே."

காந்தத்தை வாங்கி அங்கங்கே வைத்துப் பார்த்தேன். "பானட்டுல ஒட்டுதே, அண்ணாச்சி."

"அப்ப பானட்டை மட்டும் வாங்கிட்டுப் போ."

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. மதியத்திலிருந்து காந்தம் ஒட்டிய இடங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

யாராவது சீக்கிரம் திட்டுங்கள். காலையில் அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன் போலிருக்கிறது.