வாசலில் தொங்கிய பாம்புச்செடி

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். தான்சானியாவில் சுரங்க வேலை பார்த்த எங்கள் மாமா, அத்தைக்கு லுங்கியில் சுருட்டி ஒரு பாம்புச்செடி கொண்டுவந்தார். அந்த வகை அங்கேயும் ஒரு மலைப்பக்கம் மட்டும்தான் முளைக்குமாம். கற்றாழை மாதிரி தடித்த இலைகள், வருஷத்துக்கு ஒன்று விட்டாலே பெரிது. "அடுத்த இலை வர்றதுக்குள்ள வந்துடுவேன்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை அப்பாவின் தங்கை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தாள். தினமும் விழுப்புரம் ஜவுளிக்கடைக்குப் பஸ் பிடிக்க ஓடும்போதும், மாடிப்படியில் வைத்திருந்த அந்தச் செடித்தொட்டியை நின்று பார்க்காமல் போகமாட்டாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. புத்தி அதற்கும் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமையில் வந்த ஓர் அமாவாசையன்று, படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்த அம்மா, திருஷ்டிக்கு வாசலில் கட்டக் கற்றாழை பிடுங்கி வரச் சொன்னாள். தோட்டத்துக் கற்றாழை வெயிலில் சுருங்கிக் கிடந்தது. படியில் இருந்ததோ கொழுகொழுவென்று இருந்தது. வேரோடு பிடுங்கி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஸ்டூல் போட்டு ஏறி நானே தலைகீழாகக் கட்டினேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அத்தை வாசலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஓடிப்போய்க் காலித் தொட்டியைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அத்தை திட்டவில்லை. அவள் தொட்டி மண்ணைத் தடவிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து நான்தான் ஓவென்று அழுதேன். அந்த நேரம் பார்த்து மாமாவின் வீடியோ கால் வந்தது. ஞாயிறுதோறும் செடியைக் காட்டச் சொல்வார்.

அத்தை அவசரமாக அதை அவிழ்த்து, முந்தானையால் துடைத்து, தொட்டியில் சொருகிக் காட்டினாள்.

"இன்னா, மஞ்சளா இருக்குது?" என்றார் மாமா.

"வெயிலுங்க. நல்லாத்தான் இருக்குது. நீங்க இன்னா, எப்பப் பாத்தாலும் படுத்துக்கினே பேசறீங்க?"

"நைட் டூட்டிம்மா. அசதி."

மாமாவின் தலைக்குப் பின்னால், போன வாரமும் இருந்த அதே நீலத் திரை தெரிந்தது.

பேசி முடித்ததும் அத்தை என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். "அழாத கண்ணு, வேர் புடிச்சிக்கும்" என்றாள்.

பிடித்துக்கொண்டது. மறுவருஷம் புது இலையும் விட்டது. அதற்குப் பிறகு வந்த மாமா, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். சுரங்கத்தில் கால் முறிந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததை அப்போதுதான் சொன்னார். அந்த நீலத் திரை, அவர் கட்டிலைச் சுற்றித் தொங்கியது.

அன்றைக்கு அத்தை பொய் சொன்னது என்னைக் காப்பாற்றத்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.