ஹாரன் இல்லாத வண்டி

எங்கள் காரின் பானெட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே ரிலேக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி அளவுகூட இராது. உள்ளுக்குள் ‘டிக்’ என்று தட்டி, பேட்டரியின் கரண்டை உரிய இடத்துக்குத் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. அவற்றில் ஹாரனுக்கான இடத்தில் இருக்கும் ஒன்றின் தலையில் மட்டும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு பொட்டு. உண்மையில் அது பெட்ரோல் பம்ப்புக்கு உரியது. போன ஞாயிற்றுக்கிழமை ஃபியூஸ் மாற்றுவதற்காக மூடியைத் திறந்தபோது என் விரல் தானாகவே அந்தப் பொட்டின் மேல் போய் நின்றது. அதை வைத்தவர் என் அக்காவின் கணவர். மாமா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது எப்படியும் கூப்பிடுவதில்லை.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். கார் எங்கள் அப்பாவுடையது. அப்பா போன பிறகு அக்கா பெயருக்கு மாறி, கல்யாணத்தோடு அவளுடன் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்குப் போனது. கல்லூரிப் பேருந்து அந்தப் பக்கம் வந்ததால் நானும் அவர்கள் வீட்டு மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் மெக்கானிக்கல் எடுத்திருந்தேன். வண்டியைப் பிரிப்பது பற்றிய வீடியோக்களைச் சோறு தின்றுகொண்டே பார்க்கிற ஆள். மாமாவும் அதே பைத்தியம்தான். “மெக்கானிக்காண்ட வுட்டா வண்டிய கலீஜ் பண்ணிடுவான்” என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்தில் இறங்கிவிடுவார். ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, பிரேக் சரிபார்ப்பது எல்லாம் அவர் கைதான். கை வைத்த பாகம் ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் பொட்டு வைப்பார், இது தன்னுடையது என்பதுபோல. ஒன்று சொல்ல வேண்டும்: அவர் பார்த்த வேலை எதுவும் சோடை போனதில்லை.

கடல் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். உப்புக் காற்று பட்டு ஒரு மழைக்காலத்துக்குள் போல்ட்டுகள் இறுகிப்போகும். மாமா முதலில் ஸ்பானரைப் போட்டுத் திருப்புவார். அசையாவிட்டால் அதன் அம்மாவைத் திட்டுவார். பிறகு சுத்தியல். எண்ணெய் விட்டு ஊறவைக்கலாம் என்பது அவருக்குத் தெரியும், ஆனால் காத்திருக்க முடியாது. தலை உருண்டு போன போல்ட்டை உளி வைத்துப் பிளக்கும்வரை அடிப்பார். கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, ஏதோ ஆளைக் கொல்வதுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு அக்கா நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேலை அதுதான். நான் கீழே இறங்கினால், “புக்குல படிக்கிறத புக்கோட வெச்சிக்கோ” என்று மேலே அனுப்பிவிடுவார். ஆகவே மாடி கிரில் வழியாகத்தான் எல்லாம் பார்த்தேன்.

வண்டிக்கு டார்ச் பிடித்தவர்கள் எல்லாருமே திட்டு வாங்கியிருப்பார்கள். எந்த வீட்டிலும் நடப்பதுதான். அக்கா வாங்கியது திட்டு இல்லை. “எங்கடி காட்ற? என் மூஞ்சிலயா நட்டு கீது?” என்று கேட்கும்போதே கையிலிருப்பது அவள் மேல் இறங்கியிருக்கும். ஸ்பானர் என்றால் முழங்கை, ஸ்க்ரூ டிரைவர் என்றால் விலா. ஒருமுறை சூடான சைலன்ஸர் குழாயின் மேல் அவள் மணிக்கட்டை வைத்து அழுத்தி, “இப்ப தெர்தா எது எங்க கீதுன்னு” என்றார். அவள் கத்தவில்லை. கத்தினால் இன்னும் விழும் என்பதைக் கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டிருந்தாள். டார்ச் வெளிச்சம் மட்டும் நடுங்கியது. எதிர் வீட்டில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணி, திங்கட்கிழமை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கேட்பார்: “இன்னாமே, நேத்து வண்டிக்கு ரிப்பேரா, ஒனக்கு ரிப்பேரா?” அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “ரெண்டு பேருக்கும்தான்” என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

அக்கா ஒருமுறை கிளம்பிப் பார்த்தாள். அவர் வேலைக்குப் போன நேரத்தில் ஆட்டோ பிடித்து ராயபுரத்தில் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். யாரோ அவருக்கு போன் போட்டுவிட்டார்கள். டோல்கேட் சிக்னலில் ஆட்டோ நின்றபோது எதிரே பைக்கில் வந்தவர், வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடி வந்து, முடியைப் பிடித்து அவளை ரோட்டில் இழுத்துப் போட்டார். உதைத்தார். மெட்ரோ தூணுக்குக் கீழே நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. “புருசன் பொண்டாட்டி மேட்டரு, வாங்கப்பா” என்று ஒருவர் மற்றவர்களையும் கலைத்துவிட்டாராம். அன்று சாயங்காலம் உதட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு என்னிடம் அக்கா சொன்ன ஒரே விஷயம், “ஆட்டோக்குக் கதவு இல்லடி. போனா கதவு இருக்கிற வண்டிலதான் போணும். அப்பா வண்டிலதான் போணும்.”

அதன் பிறகு மாமா ஒரு புதுப் பழக்கம் தொடங்கினார். கார் சாவியை வாசல் ஆணியிலேயே தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போனார். “சாவி அங்கதான் கீது. போறதுன்னா போ” என்று சிரிப்பார். அக்கா ஒருநாள் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். எஞ்சின் கர்கர் என்று சுற்றியது, பிடிக்கவில்லை. சந்து முனையில் பைக்கோடு நின்று அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நான் மேலிருந்து ஓடி வந்து கதவைத் தட்டத் தட்ட, உள்ளே பெல்ட் சத்தம் ஓயவேயில்லை. அதற்கப்புறம் ஆணியில் சாவி தொங்குவது, அவர் வீட்டிலேயே நிற்பதுபோல ஆகிவிட்டது.

பானெட் விழுந்த ஞாயிறு வந்தது. பேட்டரியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா நீட்டிய நட்டு கை தவறி எஞ்சினுக்கு அடியில் எங்கோ உருண்டது. எடுக்க அவள் இடது கையை உள்ளே விட்டாள். அவர் பானெட்டைத் தாங்கியிருந்த கம்பியைத் தட்டிவிட்டார். மேலே நின்ற எனக்குத் தகரச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தமும் கேட்டது. அரசு ஆஸ்பத்திரியில் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பவ்யமாக நின்றார். “பானெட் தானா வுயுந்துச்சி சார்” என்று டாக்டரிடம் சொன்னவள் அக்காதான். இரண்டு விரல் முறிந்து, கை முழுக்கக் கட்டு. வீட்டுக்கு வந்து படுத்தவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அடுத்து அவரு தலைய வுடச் சொல்லுவாருடி.”

அடுத்து அவருக்குக் காலை ஷிப்ட் வந்த நாளில், அவர் போனதும் ஆணியிலிருந்து சாவியை எடுத்தோம். நான் வேகமாக எல்லாவற்றையும் பார்த்தேன். பேட்டரியில் சார்ஜ் இருந்தது, பிளக் சுத்தமாக இருந்தது, டேங்கில் பெட்ரோல் இருந்தது. மறுபடி மறுபடி சுற்றிப் பார்த்ததில் நேரம்தான் போனது. அவருக்கு ஷிப்ட் முடியும் மத்தியானம் நெருங்கிவிட்டது. அக்கா பின் சீட்டில் காதை வைத்தாள். “சாவி போட்டதும் இங்க குர்ருன்னு ஒரு சத்தம் வரும். வரல பாரு.” அது பெட்ரோல் பம்ப்பின் சத்தம். அப்படியென்றால் கரண்ட் பம்ப்புக்குப் போகவில்லை. கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். பம்ப் ரிலே இருக்க வேண்டிய இடம் பல் விழுந்ததுபோல் காலியாகக் கிடந்தது. கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை எங்களுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கடைக்குப் போய் வாங்கி வரலாம் என்று நான் செருப்பைத் தேடினேன். அக்கா அசையவில்லை. “போன வருசம் ஹாரன் அடிக்கல, ஞாபகம் கீதா? இங்க இருந்ததையும் ஹாரனோடதையும் மாத்திப் போட்டுப் பாத்தாரு. ரெண்டும் ஒண்ணுதான்னாரு. நான்தான டார்ச் புடிச்சிகினு இருந்தேன்.” குனிந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கப் படத்தில் இரண்டுக்கும் ஒரே எண்; காலி இடத்தின் துளைகளும் ஹாரன் ரிலேவின் கால்களுக்குப் பொருந்துவதாகவே இருந்தன. பழுது எங்கே என்று கண்டுபிடிக்க யாரும் செய்கிற சோதனைதான் அது. ஹாரன் ரிலேவைப் பிடுங்கிப் பம்ப் இடத்தில் அழுத்தினேன். அக்கா சாவியைத் திருப்பினாள். பின் சீட்டுக்கு அடியில் குர்ரென்றது. வண்டி பிடித்துக்கொண்டது.

எனக்கு அப்போது சரியாக ஓட்டத் தெரியாது. அக்காவின் இடது கையோ கட்டுக்குள் இருந்தது. ஆகவே அவள் கிளட்ச்சை மிதித்து “ஒண்ணு”, “ரெண்டு” என்று சொல்லச் சொல்ல, பக்கத்து சீட்டிலிருந்து நான் கியர் போட்டேன். சந்தில் மீன்கார அண்ணியின் அன்னக்கூடைகள் வழி நெடுகப் பரவிக் கிடந்தன. அக்கா ஹாரனை அழுத்தினாள். சத்தமில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, “ஒத்து, ஒத்திக்கோ” என்றாள். முதலில் அது குரலாகவே வரவில்லை. இரண்டாவது தடவை சந்தே திரும்பிப் பார்த்தது. அண்ணி எங்களைப் பார்த்தார், கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். கூடையைக் காலால் தள்ளிக்கொண்டே, “டேய், வயி வுடுங்கடா, வண்டி போவட்டும்” என்று எங்களைவிடச் சத்தமாகக் கத்தினார்.

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போயின. எங்கள் கார் அவற்றின் சக்கர உயரம்தான். அக்கா கத்திக்கொண்டே ஓட்டினாள். சைக்கிள்காரரை, மாட்டை, செல்போனைப் பார்த்தபடி குறுக்கே போனவரை, எல்லாரையும். “இன்னாம்மா, ஹாரன் அடிக்கறதுதான?” என்றார் ஓர் ஆட்டோக்காரர். “இதான் நைனா ஹாரன்” என்றாள். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் டோல்கேட் சிக்னல் விழுந்தது.

ஷிப்ட் முடிந்து எதிர்ச்சாரியில் வந்துகொண்டிருந்தார் அவர். நகரவே முடியாத வண்டி நடுரோட்டில் நிற்பதைப் பார்த்த முகத்தை என்னால் மறக்க முடியாது. கோபத்துக்கு முன்னால் அதில் ஒரு குழப்பம் இருந்தது. தடுப்பின் இடைவெளியில் பைக்கைத் திருப்பி வந்து, கழற்றிய ஹெல்மெட்டால் அக்காவின் பக்கக் கதவை ஓங்கி அடித்தார். கதவு பூட்டியிருந்தது, ஆனால் கண்ணாடி இறங்கியிருந்தது. கையை உள்ளே விட்டு முடியைச் சுற்றிப் பிடித்தார். அவள் தலை கதவு விளிம்பில் மோதியது, ஒருமுறை, மறுபடியும். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. நான் அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அக்கா அவர் கையைத் தொடவே இல்லை. வலது கையால் கண்ணாடியின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். நெடுநாளாக இறுகிக் கிடந்ததை முந்தின மாதம்தான் மாமா பிரித்து கிரீஸ் போட்டிருந்தார். வழுக்கிக்கொண்டு ஏறியது. அவர் முழங்கைக்கு மேலே கண்ணாடி கடித்தது. அவள் இன்னும் சுற்றினாள். அவர் அலறினார்; அதுவரை அவர் அலறி நான் கேட்டதில்லை. பிடி விட்டது. சிக்னல் பச்சை விழுந்து பின்னால் லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அவர் கையை உருவினார். தோல் கண்ணாடி விளிம்பிலேயே தங்கிவிட்டது. “ஒண்ணு” என்றாள் அக்கா. நான் போட்டேன்.

அக்கா கொடுத்த புகாரின் பேரில் மகளிர் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்ட அன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கையில் நீளமாகப் பொருக்கு. இன்ஸ்பெக்டர் அம்மா ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பொட்டு வைத்த ரிலேவை எடுத்து மேஜைமேல் வைத்து, அக்காவைப் பார்த்தார். “இது இல்லாம எப்டி ஓட்டிகினு போன? அத்த மட்டும் சொல்லு.”

“என்னய்யா அது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வண்டியோட உயிரு மேடம். நான் இத்த கயட்டினு போய்ட்டா ஒரு அடி நவுராது.”

“டெய்லி கழட்டினு போவியா?”

“டெய்லி” என்றார், பெருமையாகவே.

“பொண்டாட்டி வெளிய போவக் கூடாதுன்னு.” இன்ஸ்பெக்டர் பக்கத்தில் இருந்த காவலரிடம் திரும்பினார். “எழுதிக்கம்மா. அவர் வாயாலயே சொல்றாரு.”

எப்படி ஓட்டினாள் என்பதை அக்கா சொல்லவே இல்லை. விசாரணை, கோர்ட்டு எல்லாம் முடிந்து ரிலே எங்கள் கைக்கு வந்து, காலியாக இருந்த ஹாரன் இடத்தில் அதை மாட்டிய பிறகும், எப்படி ஓட்டினாள் என்றுதான் அவர் கேட்டனுப்பினார் என்று கேள்வி.

இப்போது ராயபுரத்தில் அம்மா வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்காவும் நானும் பானெட்டைத் திறக்கிறோம். அவளுடைய இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. கியரை உள்ளங்கையால் தள்ளுவாள். ஸ்பானர் அவள் கையில், டார்ச் என் கையில். போன வாரம் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. என் உடம்பு ஒரு கணம் தானாகச் சுருங்கியது. அவள் நிமிராமலே, “கை வலிக்குதா? மாத்திப் புடி” என்றாள்.

மஞ்சள் பொட்டைக் காட்டி, “இத்தத் தூக்கிப் போட்டுடலாமாக்கா?” என்று கேட்டேன்.

“வேலை செய்யுதுல்ல. இருக்கட்டும்.”

மூடியை மாட்டிவிட்டு ஒரு சுற்று போய் வரலாம் என்று கிளம்பினோம். தெருவின் நடுவில் வலை பிரித்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹாரனுக்கு மேல் அவள் கட்டைவிரல் இருந்தது. அழுத்தியிருந்தால் அடித்திருக்கும். அவள் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.