லிம் சூ காங் பாதையில் ஒரு போன் பேச்சு

ஒரு ஞாயிறு காலை, ஆங் மோ கியோவிலிருந்து பஸ் பிடித்து லிம் சூ காங் பக்கம் தனியாக நடக்கப் போனேன். பனி விலகவில்லை. கீரைப் பண்ணைகளைத் தாண்டியதும் இருபுறமும் காடு, ஈரப் புல், எங்கோ ஒரு குயில். இருப்பது சிங்கப்பூர்தான் என்பதே மறந்துபோனது.

திரும்பினால், பின்னால் பண்ணைத் தொழிலாளி ஒருவர் கையில் கம்போடு வந்துகொண்டிருந்தார். நடையை எட்டிப் போட்டேன். போனைக் காதில் வைத்து, வீட்டில் தூங்கும் கணவரோடு பேசுவதுபோல், “கார் பார்க் பண்ணிட்டீங்களா? சீக்கிரம் வாங்க” என்று சத்தமாகச் சொன்னேன்.

அவர் பாதையின் மறு ஓரத்துக்கு விலகி என்னைக் கடந்தார்.

“அக்கா, இங்க லைனே கிடைக்காது” என்றார், தமிழ்நாட்டு ஊர்த் தமிழில். “வளைவுல நாய்ங்க கிடக்கும். நான் முன்னால போறேன், பயப்படாம பின்னாலயே வாங்க.”

வளைவில் கம்பைத் தட்டினார். நாய்கள் எழுந்து விலகின. அடுத்த பஸ் நிறுத்தம் வரை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நானோ, வெட்கத்தில் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பனிக்குள் போன அந்த முதுகுதான் நினைவிருக்கிறது, நான் பயப்படாமலிருக்க அவர் காட்டிய முதுகு.