கிம்பலும் கெம்பாரும்

"அந்தப் பொண்ணு கேமராவுக்கே தலை நிக்கிறதுக்கு ஒரு மேசின் வச்சிருக்குடா. நமக்கும் ஒண்ணு கேட்டுப் பாரு."

மலேசியாவில், தம்பினில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், கார்களுக்கு நடுவே நின்று குடித்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் சொன்னது இது. நான் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஒரு வேனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ட்ரோனின் அடியில் கேமராவை மாட்டிக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் பறப்பதற்காக இரண்டு நாள் தரையில் குந்தியிருப்பதுதான் ட்ரோன்காரர்களின் பிழைப்பு. அந்த இரண்டு நாளையும் தின்பது கிம்பல். கேமராவைத் தாங்கும் மூன்று சின்ன மோட்டார்கள்தான் அது. காற்றில் ட்ரோன் சாய்ந்தாலும் குலுங்கினாலும் அவை எதிர்ப்பக்கம் திரும்பிப் படத்தை நிமிர்த்தி வைக்கும். அப்படித்தான் பெட்டியில் எழுதியிருக்கும். வாங்கி அனுபவித்தவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

வார நாட்களில் எனக்குத் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறுகளில், தெரிந்தவர்கள் கூப்பிட்டால் ட்ரோனோடு போவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ட்ரோன் பறந்தால் எல்லாரும் மேலே பார்ப்பார்கள், என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். இந்தப் பைத்தியம் என்னைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

கெம்பார்

அதே மண்டபத்தின் பின்பக்கம்தான் எலிசபெத் ஆன்ட்டியை முதலில் பார்த்தேன். சமையல்காரர்களோடு பாத்திரம் கழுவ வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் கேமராவை விரலால் மெல்லச் சாய்த்துவிட்டு, விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரியை இணைப்பதற்கு முன்னால் இதைச் செய்தாக வேண்டும். ஒரு பக்கம் கனம் கூடியிருந்தால் மோட்டார் அதையே தூக்கிப் பிடித்துச் சூடாகிப் போய்விடும். ஆன்ட்டி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"இது பேரு என்னம்மா?"

"கிம்பல், ஆன்ட்டி."

"கெம்பாரா?"

மலாயில் கெம்பார் என்றால் இரட்டைப் பிள்ளைகள். நான் இல்லையென்று தலையாட்டுவதற்குள், கவிழ்த்து வைத்திருந்த அண்டா ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் கெம்பார்தாம்மா. ஒண்ணு லோரி ஓட்டுது. ஒண்ணு தோட்டத்துல கெடக்குது."

பெடாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவரும் கணவரும் பால் மரம் வெட்டிய காலத்தில் பிறந்தவர்கள் ஜோசப்பும் ஜேம்ஸும். ஜேம்ஸ் பதினோராம் நாள் இறந்துபோனான். தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தார்கள். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. குடும்பம் தம்பினுக்கு வந்துவிட்டது. கணவரும் போய்ச் சேர்ந்தார். இப்போது அந்தத் தோட்டம் கைமாறிச் சுடுகாட்டு நிலத்தைச் சமப்படுத்தப் போகிறார்களாம். தங்கள் வீட்டுக் குழி எது என்று அடையாளம் காட்டுகிறவர்களுக்கு மட்டும் எலும்பை எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்து தருவார்கள். மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. ஆன்ட்டி இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டார். லாலாங் புல் நெஞ்சு உயரம். உள்ளே போய் நின்றால் தன் கால்கூடத் தெரியவில்லையாம்.

கிம்பல் வேறு, கெம்பார் வேறு என்று நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும்மா. உன் கெம்பாரைக் கூட்டிக்கிட்டு வா, என் கெம்பாரைத் தேடித் தரட்டும்" என்றார்.

பொங்கிய கோபுரம்

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முடியாது என்று சொல்ல எனக்கு வராது. என் கிம்பலின் யோக்கியதை மறுவாரமே தெரிந்தது. சிரம்பானுக்கு வெளியே ஒரு கோயில் திருவிழாவைப் படம் பிடித்துக் கொடுத்தேன். கிம்பலுக்கும் ட்ரோனுக்கும் நடுவே நான்கு சின்ன ரப்பர் உருண்டைகள் இருக்கும். இறக்கைகளின் அதிர்வைக் குடித்துக்கொள்வது அவற்றின் வேலை. என்னுடையவை வெயிலில் காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தன. அதிர்வெல்லாம் நேரே கேமராவுக்குப் போய், கோபுரம் முழுவதும் அலை அலையாக நெளிந்தது.

கோயில் தலைவர் படத்தை இரண்டு தடவை போடச் சொன்னார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "பால் குடத்துக்குத்தானேம்மா உன்னைக் கூப்பிட்டோம், கோபுரம் ஏன் பொங்குது?" என்றார்.

கீழே பார்த்தால்

ரப்பர் உருண்டைகளை மாற்றினேன். பொங்கல் நின்றது. அதைவிடப் பெரிய நோய் அப்புறம்தான் தெரிந்தது. புல்லுக்கு மேலே நின்று குழியைத் தேட வேண்டுமென்றால் கேமரா நேர் கீழே பார்க்க வேண்டும். முன்னால் பார்க்கும்போது ஒழுங்காக இருக்கும் என் கிம்பல், நேர் கீழே திரும்பியதும் எந்தப் பக்கம் சாய்வது, எந்தப் பக்கம் சுழல்வது என்று குழம்பி வெட்டி வெட்டி இழுக்கும். குழி இருக்கும் இடத்தில் புல்லின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும் என்று படித்திருந்தேன். இப்படி இழுத்தால் அந்த நிறமாற்றம் படத்தில் கலங்கிப் போகும்.

மோட்டார்கள் எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்பதற்குக் கணினியில் எண்கள் உண்டு. கூட்டினால் கிம்பல் கொசு மாதிரி ரீங்கரிக்கும். குறைத்தால், பஸ்ஸில் தூங்குகிறவர் தலை மாதிரி படம் ஒரு பக்கமாகச் சரியும். வேலை முடிந்து வந்து தினமும் சாயங்காலம், பாரோயில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள வெற்றுத் திடலில் ஒரு பழைய பாயை விரித்து, அதைக் குழியாக நினைத்துக்கொண்டு மேலிருந்து படம் பிடித்தேன். எண்ணை மாற்றுவேன், பறக்க விடுவேன், இறக்குவேன், மறுபடி மாற்றுவேன். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள், எட்டு நாள், ஏழு நாள். ஆன்ட்டி போன் செய்யவே இல்லை. செய்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. கடைசியில், நேர் கீழே பார்க்கவிடாமல் மூன்று டிகிரி முன்னாலேயே நிறுத்தி வைத்தால் இழுப்பு நின்றுவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். அதுவரை வாசலில் நின்று வேடிக்கை பார்த்த அப்பா சொன்னார்: "நேரா குனிஞ்சு பார்க்க அதுக்கும் மனசு வரலபோல."

மண்டோர் வீட்டு மட்டம்

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துக்குப் போனோம். ஆன்ட்டியும் ஜோசப்பும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். தோட்டத்துக் கணக்குகளைப் பார்க்கும் கிராணி, நாற்பது வயதுக்காரர், நான் பறக்கவிட அனுமதி வாங்கி வைத்திருந்தார். அவர் கையில் ஒரு கட்டு மரக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. குழி தெரிந்தால் தலைமாட்டில் அந்தக் கட்டையை ஊன்ற வேண்டும். கட்டை இருக்கும் இடத்தில் மட்டும் கையால் தோண்டுவார்கள், மற்ற இடத்தில் மண்தள்ளும் வண்டி ஓடும். ஜேம்ஸ் பெயர் எழுதிய கட்டையை அவர் முன்கூட்டியே ஆன்ட்டியிடம் கொடுத்தார். ஆன்ட்டி அதைப் பிள்ளையைப் பிடிப்பது மாதிரிப் பிடித்துக்கொள்ளவில்லை. குடையைப் பிடிப்பது மாதிரிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டார்.

புது இடத்துக்குப் போனால் கிம்பலுக்கு எது மட்டம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். ட்ரோனை மட்டமான தரையில் ஆடாமல் வைத்தால்தான் அது கற்றுக்கொள்ளும். அங்கே எல்லாம் மேடும் பள்ளமும். ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி ஓடியது. புல்லுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சிமெண்ட் கல்லறைதான். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய அந்தக் காலத்து மண்டோருடையது. அதன் மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. நான் ட்ரோனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன்.

"சும்மா வைம்மா" என்றார் ஆன்ட்டி. "மண்டோர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. உசுரோட இருந்தப்பதான் வாயைத் திறந்தா மூட மாட்டாரு."

செத்தவன்

மட்டம் கற்றதும் காற்று கிளம்பிவிட்டது. அடங்கட்டும் என்று காத்திருந்தோம். ஆன்ட்டி மண்டோர் கல்லறைப் பக்கம் நின்று, ஆற்றுப் பக்கம் கையை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று தனக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். மண்டோர் கல்லறையிலிருந்து ஆற்றுப் பக்கமாக மூன்றாவது குழி. அவருக்கு நினைவில் இருந்த அடையாளம் அது ஒன்றுதான்.

ஜோசப் என் பக்கத்தில் நின்று புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஆள், மெதுவான குரல். நான் கேட்காமலே பேசினார். "சின்ன வயசுலேருந்து கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு சிஸ்டர். நான் ஸ்கூலுக்குப் போகாம பொந்தேங் அடிச்சா, ஜேம்ஸ் இருந்தா ஒழுங்கா படிச்சிருப்பான். நான் குடிச்சா, ஜேம்ஸ் இருந்தா குடிச்சிருக்க மாட்டான். பதினோரு நாளுதான் இருந்தான். அழ மட்டும்தான் தெரிஞ்சிருக்கும் அவனுக்கு." கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார். "செத்தவன் எப்பவும் நல்லவன்தான் லா."

பிறகு, "நேத்து ராத்திரி பூரா அம்மா தூங்கல. கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க, சிஸ்டர்" என்றார்.

மூன்றாவது

காற்று அடங்கியதும் ட்ரோனை முப்பது மீட்டர் மேலே ஏற்றினேன். கேமராவைக் கீழே திருப்பினேன். மூன்று டிகிரிக்கு முன்னால் நின்றுகொண்டது. முதல் தடவையாக என் படம் துளிகூட ஆடவில்லை.

சாய்ந்த வெயிலில் எல்லாம் தெரிந்தது. அமிழ்ந்த மண்ணில் தண்ணீர் நிற்பதால் குழிகளின் மேல் புல் கரும்பச்சையாக, நீள நீளமாக இருந்தது. மண்டோர் கல்லறை வெள்ளைத் தீப்பெட்டி மாதிரி. அதிலிருந்து ஆற்றுப் பக்கமாக ஒன்று. இரண்டு. அதற்குப் பிறகு செம்மண். மண்தள்ளும் வண்டிகள் உள்ளே வருவதற்காகப் புதிதாக வெட்டிய பாதை. டயர்த் தடங்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. கொஞ்சம் ஆடியிருக்கலாம் என் படம்.

என் கையிலிருந்த திரையை முதலில் பார்த்தது ஜோசப். பின் வரிசையில், தலையணை அளவுக்கு ஒரு சின்னக் கரும்பச்சை தனியாக இருந்தது. யாரோ ஒரு குழந்தை. ஜோசப் என் காதருகே குனிந்தார். "அதைக் காட்டி இதுதான்னு சொல்லிடுங்க சிஸ்டர். அம்மாவுக்குத் தெரியாது."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. அதற்குள் ஆன்ட்டி வந்துவிட்டார். திரையை வாங்கிப் பார்த்தார். திரையில் விரலை வைத்து மண்டோரிலிருந்து எண்ணினார். ஒன்று. இரண்டு. விரல் செம்மண்ணில் போய் நின்றது. மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணினார். மறுபடி அங்கேயே நின்றது.

கிராணியும் எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ரோடு போன மாசமே போட்டாச்சு, அக்கா. ரொம்ப ஆழமா வெட்டி எடுத்துட்டாங்க. அங்க இனிமே ஒண்ணும் இருக்காது."

மேலே ட்ரோன் இரைந்துகொண்டிருந்தது. ஆன்ட்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின் வரிசையில் இருந்த சின்னப் பச்சையைத் தொட்டார்.

"இதுக்கு யாரும் வரலியா, கிராணி?"

"இதுவரைக்கும் யாரும் வரல, அக்கா. யாரு பிள்ளைன்னே தெரியல."

ஆன்ட்டி திரையை என் கையில் கொடுத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாலாங் புல்லுக்குள் இறங்கினார். "அம்மா, பாம்பு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஜோசப் பின்னால் போனார். நான் திரையைப் பார்த்து, இடது பக்கம், இன்னும் கொஞ்சம், நில்லுங்க என்று சத்தமாகச் சொன்னேன். ஆன்ட்டி நின்றார். காலால் புல்லை விலக்கி அமிழ்ந்த இடத்தைப் பார்த்தார். ஜேம்ஸ் என்று எழுதிய கட்டையை அந்தக் குழியின் தலைமாட்டில் ஊன்றி, ஒரு கல்லை எடுத்து மூன்று தட்டுத் தட்டி இறக்கினார்.